சி கடைக்கு, டி வீட்டுக்கு

ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல எழுதும் அளவுக்கு எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. முப்பத்து மூன்று வயதுதான் ஆகிறது. சங்கரன்கோவிலில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துவிட்டு, இனி இந்த வேலை வேண்டாம் என்று ஸ்க்ரூ டிரைவர் பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவன் நான். அந்த முறையில், கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். டிஸ்க்கை எப்படிக் கழற்றுவது, எந்தக் கேபிளை எங்கே செருகுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் செல்போனில் பார்த்துக்கொள்வீர்கள். எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவன் எப்படித் தப்புச் செய்கிறான் என்பது செல்போனில் கிடைக்காது. அதனால் அதை எழுதுகிறேன். செய்தவன் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வாக்கியம். புதுக் கம்ப்யூட்டரை ஒரு வீட்டில் இறக்கி மேசைமேல் வைத்ததும் வீட்டுக்காரர்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், சூடம் காட்டுவார்கள். அதெல்லாம் முடிந்து நமக்கு ஒரு தம்ளர் காப்பி வரும்போது, கம்ப்யூட்டரின் கேபினெட் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி நாம் சொல்ல வேண்டியது: "சி கடைக்கு, டி வீட்டுக்கு."

உங்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் விளக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே டிஸ்க்கை நாம் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறோம். சி-யில் விண்டோஸ். அது கெட்டால் நாம் போய் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம், யாரையும் கேட்க மாட்டோம். டி-யில் வீட்டுக்காரர்களின் போட்டோ, பாட்டு, படிப்பு. அதில் கை வைக்க மாட்டோம்.

"ஏலே, இது வரப்பு மாதிரி," என்றார் முதலாளி. "வரப்புக்கு அங்கிட்டு அவுக, இங்கிட்டு நாம. அவுக சாமான் இங்கிட்டு வந்து கெடந்து அழிஞ்சு போச்சுன்னா நம்மள ஒருத்தன் கேக்க முடியாது, பாத்துக்கோ."

உண்மையிலேயே யாரும் கேட்டதில்லை. ராயகிரியில் பி.எட். படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் படிப்புக்கான கட்டுரை முழுவதையும் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தாள். டெஸ்க்டாப் என்பது சி-யில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. விண்டோஸ் கெட்டது, நான் போனேன், அழித்தேன். அவள் அழுதபடி முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார்.

"டி-ல போடணும்னு எங்க பையன் சொன்னானா இல்லியா தாயி?"

"சொன்னாங்க."

"போட்டியா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்புறம் எங்கள என்ன செய்யச் சொல்லுத?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "சாரி அண்ணாச்சி, என் தப்புதான்," என்றாள். அவள் பொருளை அழித்தது நாங்கள். மன்னிப்புக் கேட்டது அவள். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு வேறெதுவும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பு. கிடை போட்ட இடத்தில் யாராவது "மவன் என்ன செய்யான்?" என்று கேட்டால், "கம்பியூட்டருக்கு வைத்தியம் பாக்கான்," என்பார். கம்பு ஊன்றியிருக்கும் கை அப்போது கொஞ்சம் நிமிரும். இப்படி வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. சொன்னதை மாற்றிச் சொன்னால், படித்த படிப்பே பொய்யாகிவிடும் என்று பயப்படுவான். பெரிய படிப்புப் படித்த வீட்டுப் பையன்கள் "சாரி, தப்பாச் சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதைப் பார்த்திருக்கிறேன். என் வாயில் அது வரவே வராது.

கோமதி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் மாரியப்பன் அண்ணாச்சி விசைத்தறி ஓட்டுகிறவர். அக்காவும் முதலில் அதே தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டையில் நூல் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பஞ்சுத் தூசிக்குள் இருக்க வேண்டும். இருமல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, அதற்குப் பிறகு அவராகவே கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரையக் கற்றுக்கொண்டார். கட்டம் போட்ட திரையில் ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்து அன்னப்பட்சி, மாங்காய், கோபுரம் என்று வரைவார். அந்தப் படத்தை வைத்துத்தான் தறியில் மாட்டும் துளை அட்டையை அடிப்பார்கள். தறி முதலாளிகள் புது டிசைனைவிடப் பழையதைத்தான் அதிகம் கேட்பார்கள். "போன தீவாளிக்கு ஓடுச்சே, அந்த மாங்கா, அதுல வால மட்டும் நீட்டிக் குடு," என்பார்கள். ஆகவே பழைய படங்கள்தான் அவருடைய முதல். ஆறு வருடத்துப் படங்கள் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் வீட்டில் இறக்கியதும் நான்தான். சந்தனம் காயுமுன் கேபினெட்டைத் தட்டி வாக்கியத்தைச் சொன்னதும் நான்தான். அக்கா அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். "டி மட்டும் போதுமா தம்பி?" என்று கேட்டார். "ஈ-ன்னு இன்னொண்ணும் பிரிச்சுத் தாரேன்க்கா. அதுலயும் ஒரு நகல் வச்சிருங்க. ரெண்டு எடத்துல இருந்தா கவலையே இல்ல," என்றேன். அப்போது எனக்கு வேலையில் ஐந்தாவது வருடம் முடிந்திருந்தது. தெரியாமல் சொல்லவில்லை. டியும் ஈயும் ஒரே டிஸ்க்கில் இருக்கிற இரண்டு பாத்திகள், கிணறு ஒன்றுதான், அது வற்றினால் எல்லாப் பாத்தியும் சேர்ந்து காயும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் வாக்கியம் வாயில் ஓடிப் பழகிவிட்டது. அதன் வாலை நீட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

போன ஆடித்தபசு முடிந்த வாரம் அக்கா போன் செய்தார். மெஷின் ரொம்ப மெதுவாக இருக்கிறதாம். நான் போனபோது அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க இன்ஜினியர் தம்பி. இது ஒரு படத்தத் தொறக்குறதுக்குள்ள நான் தறியில ஒரு முழம் ஓட்டிருதேன். இதுக்கும் கொஞ்சம் கிரீசு போட்டு விடுங்க."

"நீங்க சாப்பிடுங்க முதல்ல. பேச்சப் பாரு," என்றார் அக்கா.

இப்போது எல்லாரும் செய்வதைத்தான் நானும் சொன்னேன். விண்டோஸை எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க்கில் போட்டுவிடுவோம். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும், அதில் டியும் ஈயும் இருந்தபடியே இருக்கும். வேகமும் கிடைக்கும், இடமும் கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஏற்பாட்டில் தப்பில்லை.

எஸ்எஸ்டியை மாட்டி விண்டோஸ் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாம் முடிந்ததும் பழக்கத்தில் டிஸ்க்குகளின் ஆரோக்கியம் பார்க்கும் சின்ன மென்பொருளை ஓட்டினேன். எஸ்எஸ்டிக்கு நீலம். பழைய டிஸ்க்குக்கு மஞ்சள்.

மஞ்சள் என்றால் உங்களுக்குத் தெரியும். சில இடங்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். நாளைக்கே போகலாம், இரண்டு வருடம் ஓடவும் செய்யலாம். அந்த நிமிடத்தில்தான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. மெஷின் மெதுவானதற்குக் காரணமே அந்தத் திணறல்தான். நான் போட்ட புது எஸ்எஸ்டி நோயைத் தீர்க்கவில்லை, மறைத்துவிட்டது. இனி அக்காவுக்கு அது மெதுவாகக்கூடத் தெரியாது.

வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"மஞ்சளா? செவப்பு இல்லைலா?"

"மஞ்சள்தான் அண்ணாச்சி. சொல்லிரட்டுமா?"

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? கழத்தி மாட்டுனது நீ. இப்பப் போயி டிஸ்க்கு சரியில்லன்னு சொன்னேன்னா, வந்த எடத்துல நீதான் கெடுத்தேன்னு சொல்லுவாக. இம்புட்டு நாளும் நல்லா இருந்துச்சே, நீ தொட்டதும் எப்படிப் போச்சும்பாக. வாய மூடிக்கிட்டு வா."

இது இந்தத் தொழிலில் உண்மையான பயம். உங்களுக்கும் வரும். ஆனால் அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. அவர் "சொல்லு" என்று சொல்லியிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டுமானால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: "அக்கா, நான் டி பத்திரம்னு சொன்னது தப்பு. ஈ-ல நகல் வைக்கச் சொன்னதும் தப்பு. ரெண்டும் ஒண்ணுதான். நீங்க நோட்டுல எழுதி வச்சத அடிச்சிருங்க." அந்த நோட்டு மேசைமேல்தான் இருந்தது. அட்டையில் அக்காவின் கையெழுத்தில் என் வாக்கியம்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். எஸ்எஸ்டியில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஆறு வருடத்துப் படங்களும் சேர்ந்து அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. இழுத்து அங்கே போட்டால் முடிந்தது. பேசக்கூட வேண்டாம். ஆனால் அது சி. சி கடைக்கு. வீட்டுச் சாமானை சி-யில் போடக்கூடாது என்று இந்த வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். நானே எப்படிப் போடுவேன்? இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது.

"தம்பி, டி நல்லா இருக்குல்லா?"

அக்கா சும்மா கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"நல்லா இருக்குக்கா," என்றேன். காப்பியைக் குடித்தேன். சூடாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

ஆவணி பாதியில் போன் வந்தது. தீபாவளிச் சேலைக்குத் தறிகளில் அட்டை மாற்றும் நேரம். ஒரு தறி முதலாளி நான்கு பழைய பார்டர்களைக் கேட்டிருந்தார். "தம்பி, டி-யக் காணோம். ஈ-யும் இல்ல," என்றார் அக்கா. தொலைந்த ஆட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் விண்டோஸ் வந்தது. உள்ளே சி மட்டும் இருந்தது. கேபினெட்டில் காதை வைத்தேன். டக், டக், டக் என்று சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி டக், டக். நான் உடனே மின்சாரத்தை நிறுத்தினேன். அது ஒன்றுதான் அந்த வீட்டில் நான் செய்த சரியான காரியம். அதற்கு முந்திய நாளெல்லாம், வருமா வருமா என்று அவர்கள் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மதுரையில் டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் ஓர் ஆளிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்றார். ஒன்றும் வராது என்றார். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எடை குறையவே இல்லை. அதற்குள் ஒன்றும் இல்லை என்பதை நம்ப முடியவில்லை.

அக்கா அதற்குள் அட்டை அடிக்கிறவர்களிடம் போய் விசாரித்திருந்தார். வேலை முடிந்ததும் அவர்கள் அழித்துவிடுவார்களாம். ஒருவருடைய பென் டிரைவில் மூன்று படங்கள் கிடைத்தன. மற்றவற்றுக்கு, தெருவில் அந்தச் சேலையைக் கட்டியிருந்தவர்களிடம் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, இழை இழையாக எண்ணி மறுபடி வரைந்துகொண்டிருந்தார். நான் போனபோது மடியில் ஒரு நீலச் சேலை கிடந்தது. வெளுத்து வெளுத்து அன்னப்பட்சியின் கழுத்து மங்கிப்போயிருந்தது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "நாலு நாள் டைம் குடுத்தாரு தறிக்காரரு. இவ ஒரு பார்டரு முடிக்கதுக்குள்ள அவரு புளியங்குடிக்குப் போயி வேற ஆள்ட்ட வாங்கிட்டாரு. சரி, மிஷினு, அதுக்கு நீங்க என்ன செய்வீய?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. ராயகிரிப் பிள்ளை மன்னிப்புக் கேட்டதுபோலவே இருந்தது. இவர்களும் என்னை மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். விஷயம் தெரியாமல்.

"அக்கா, அன்னைக்கே தெரியும்," என்றேன்.

"எது?"

"டிஸ்க்கு போகப் போகுதுன்னு. மஞ்சள் காட்டுச்சு. சொல்லல."

அண்ணாச்சி எழுந்தார். அக்கா அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எண்ணிக்கொண்டிருந்த இழையில் ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு எடுத்து வச்சிருக்க முடியுமா?"

"முடியும். புது டிஸ்க்குல எடம் காலியா இருந்துச்சு."

"எம்புட்டு நேரம் ஆயிருக்கும்?"

"அரை மணி நேரம். கூடிப்போனா முக்கா மணி."

"காப்பி குடிச்சியளே, அந்த நேரம்."

அக்கா மானிட்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சி நல்லா இருக்குல்லா?"

"நல்லா இருக்குக்கா."

"அப்போ உங்களுது பொழச்சிருச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரிச் சொன்னார்.

புரட்டாசியில் அவர் மறுபடி தார் சுற்றப் போய்விட்டார். தறிக்கூடத்து வழியாகப் போகும்போது இருமல் கேட்கும். யாருடைய இருமல் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

அதே மாதம் நானும் வேலையை விட்டேன். விட்ட பிறகு, வாக்கியத்தைச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று ஒரு சபதம் போலக் கிளம்பினேன். விண்டோஸ் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், அது போனால் திரும்பக் கிடைக்கும். போனால் கிடைக்காதது எது என்று பாருங்கள். அதை இன்னொரு தனி டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டருக்கு வெளியே, பீரோவுக்குள் வையுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கரிவலம்வந்தநல்லூரில் இரண்டாவது வீட்டிலேயே அந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "வே, அன்னைக்கு டி-ல போட்டாப் போதும்னீரு. இன்னைக்குத் தனி டிஸ்க்கு வாங்கணும்ங்கீரு. இப்ப எந்தக் கடையில வேல பாக்கீரு?" நான் டிஸ்க் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். முதலில் சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொல்லும்போதுதான் நான் வியாபாரியாகத் தெரிந்தேன். பதினோரு வீடு போனேன். மூன்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

உங்களுக்குச் சொல்வதும் அதேதான். மஞ்சள் வந்தால், நீங்கள் தொட்ட பிறகு வந்ததாகவே இருந்தாலும், வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். திட்டு வாங்குவீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பொருளை எடுத்து வேறு எங்காவது, சி-யிலாவது போட்டுவிட்டு அப்புறம் காப்பியைக் குடியுங்கள்.

இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நேற்று திருவேங்கடம் சாலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் இறங்கியிருந்தது. கதவு திறந்திருந்தது, சூட வாசனை வந்தது. உங்களில் ஒருவர்தான் உள்ளே இருந்தீர்கள். முகம் தெரியவில்லை, கடைச் சட்டை தெரிந்தது. அந்த வீட்டு அம்மா எதையோ கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே நிறுத்தி, நான் எப்படி இழுப்பேனோ அப்படியே இழுத்து.

சொல்லுமுன் கேபினெட்டை இரண்டு தட்டுத் தட்டினீர்கள். டக், டக்.